சமயப் பற்றுள்ள வாக்காளர்கள் எத்தனை சதவீதம்? பிரைமரி கணிப்புகளைப் படிக்கும் முறை

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல்கள், அதாவது பிரைமரிகள், தொடங்கிவிட்டால், கருத்துக் கணிப்புத் தரவுகளோடு வேலை செய்யும் என்னைப் போன்றவர்களிடம் தமிழ் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சர்ச்சுக்குப் போகிறவர்களின் ஓட்டு யாருக்கு?" கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டியது, அந்தக் கணிப்பில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் மொத்த வாக்காளரில் எத்தனை பங்காகக் கொள்ளப்பட்டிருக்கிறார்கள் என்பது. முதல் கேள்விக்கு விடை தருபவர்கள் வாக்காளர்கள். இரண்டாவதன் விடையிலோ, யாரெல்லாம் வாக்களிக்க வருவார்கள் என்று கணிப்பாளர் வகுத்துக்கொண்ட விதியும் கலந்திருக்கிறது. தலைப்புச் செய்திகள் பெரும்பாலும் அந்த எண்ணைச் சொல்வதில்லை.

இது எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு 2016 பிப்ரவரி 1 அன்று அயோவா மாநிலத்தில் நடந்த குடியரசுக் கட்சியின் காக்கஸ் கூட்டங்களைவிட, அதாவது கட்சியினர் ஊர்தோறும் கூடி வேட்பாளருக்கு வாக்களிக்கும் கூட்டங்களைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பு வெளியான டெ மொய்ன் ரெஜிஸ்டர் நாளிதழின் கணிப்பில் டிரம்ப் 28, டெட் குரூஸ் 23, மார்க்கோ ரூபியோ 15 சதவீதம் பெற்றிருந்தனர். அதை நடத்திய ஆன் செல்சர், அயோவாவை அறிந்த கணிப்பாளர்களில் அன்று எல்லோரும் முதலிடம் கொடுத்த பெயர். முடிவில் குரூஸ் ஏறத்தாழ 27.6 சதவீதம் பெற்று வென்றார்; டிரம்ப் 24.3, ரூபியோ 23.1 பெற்றனர். ஐந்து புள்ளி முன்னிலை என்று காட்டப்பட்டவர் மூன்று புள்ளிக்கு மேல் பின்தங்கினார்.

அந்தக் கணிப்பில் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களாக, அதாவது பைபிளையும் தனிப்பட்ட மனமாற்றத்தையும் வலியுறுத்தும் புராட்டஸ்டண்ட் பிரிவினராக, தங்களைச் சொல்லிக்கொண்டோர் 47 சதவீதம். காக்கஸ் அன்று மாலை கூட்டத்துக்குள் நுழைந்தவர்களிடம் எடுக்கப்பட்ட வாசல் கணிப்பிலோ அவர்கள் ஏறத்தாழ 64 சதவீதம். அதே வாசல் கணிப்பின்படி எவாஞ்சலிக்கல் வாக்காளரிடம் குரூஸுக்கு 34, டிரம்புக்கு 22 சதவீதம் ஆதரவு. மற்றவர்களிடம் டிரம்புக்கு 29, குரூஸுக்கு 18. இந்த நான்கு எண்களையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, எவாஞ்சலிக்கல் பங்கை மட்டும் 64இலிருந்து 47க்கு இறக்கிக் கணக்குப் போட்டால், குரூஸ் 28லிருந்து 25.5க்கு இறங்குவார், டிரம்ப் 24.5லிருந்து 25.7க்கு ஏறுவார். ஒரு வாக்காளரும் மனம் மாறாமலேயே தெளிவான வெற்றி இழுபறியாகிவிடுகிறது. கணிப்புக்கும் முடிவுக்கும் இடையே இருந்த எட்டுப் புள்ளிக்குச் சற்று மேலான இடைவெளியில் ஏறத்தாழ பாதியை இந்த ஒரு விகிதமே விளக்கிவிடும். மீதியில் கடைசி நாட்களில் ரூபியோ பக்கம் சாய்ந்தவர்களுக்குப் பங்குண்டு. எவாஞ்சலிக்கல் பங்கு உயர்ந்தால் டிரம்பின் முன்னிலை பெரிதும் சுருங்கும் என்பதை அந்தக் கணிப்பை வெளியிட்டவர்களே சொல்லியிருந்தனர். அது செய்தியின் உட்பகுதியில் இருந்தது. தலைப்பில் இருந்தது "டிரம்ப் முன்னிலை" மட்டும்.

செல்சரைக் குறைசொல்வது எளிது, ஆனால் நியாயமன்று. முந்தைய தேர்தலின் கலவையைப் புதிய கணிப்பின்மேல் திணிக்காமல், காக்கஸுக்கு வருவோம் என்று சொல்பவர்கள் எப்படிப்பட்டவர்களோ அப்படியே கணக்கில் கொள்வது அவருடைய முறையாக இருந்தது. 2008இல் ஒபாமாவின் அயோவா வெற்றியை, முதன்முறை வாக்காளர்கள் பெருந்திரளாக வருவார்கள் என்பதோடு சேர்த்து, அவர் முன்கூட்டிக் காட்டியதும் இதே முறையால்தான். 2016இல் அந்த முறை வழுக்கியது. அப்போது பொதுவாக நிலவிய எதிர்பார்ப்பும் அதற்குச் சாதகமாகவே இருந்தது: வருகை கூடினால் வருவோரில் பலர் டிரம்பை விரும்பும் புதியவர்களாக இருப்பார்கள், அதனால் சர்ச்சு வாக்காளரின் பங்கு குறையும் என்று பேசப்பட்டது. வருகை 2012இன் ஏறத்தாழ 1,21,000லிருந்து 1,86,000க்கு மேல் உயரத்தான் செய்தது. ஆனால் எவாஞ்சலிக்கல் பங்கு குறையவில்லை, 57 சதவீத அளவிலிருந்து அதுவும் கூடவே உயர்ந்தது. புதியவர்கள் வந்தார்கள், அவர்களோடு, சபை வழியாகவும் வீட்டுக் கூட்டங்கள் வழியாகவும் திரட்டப்பட்டவர்களும் வந்தார்கள்.

சரியான விகிதத்தைத் தேடி எடுத்துவிட முடியாதா என்று கேட்கலாம். வயது, பாலினம், கல்வி, இனம் ஆகியவற்றுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறது; நம் மாதிரியில் முதியவர்கள் கூடிவிட்டால் அதைக் கொண்டு அவர்களுடைய பதில்களுக்குத் தரும் எடையைச் சரிசெய்வோம். மதத்துக்கு அந்த வசதி கிடையாது. இந்தியக் கணக்கெடுப்பில் மதம் ஒரு வழக்கமான கேள்வி. அமெரிக்காவிலோ மதத்தைப் பற்றிக் கட்டாயமாகப் பதில் கேட்க 1976ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கெடுப்புத் துறைக்குத் தடை விதித்திருக்கிறது. வாக்காளர் பட்டியலிலும் மதம் இராது. எனவே பலர் கடந்த முறையின் வாசல் கணிப்பையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். அதுவும் ஒரு மாதிரிக் கணிப்புதான் என்பதால், ஒரு மதிப்பீட்டைச் சரிபார்க்க இன்னொரு மதிப்பீட்டையே நம்ப வேண்டிய நிலை. பியூ ஆய்வு மையம் போன்றவை பெரிய அளவில் நடத்தும் ஆய்வுகள் நாடு முழுவதும் உள்ள வயது வந்தோரின் சமயக் கலவையை நன்றாகவே தருகின்றன. ஆனால் ஜனவரி மாதப் பனியில் ஒரு பள்ளிக்கூட அரங்குக்கு வந்து இரவில் ஒரு மணிநேரத்துக்கு மேல் அமர்ந்திருக்கப் போகிற சிறு கூட்டத்தின் கலவையை அவை சொல்லாது.

அடுத்தது, மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் விவரம் எவ்வளவு நம்பகமானது என்பது. வாராந்திர ஆராதனைக்குப் போவதாகச் சொல்வோர் நெடுங்காலமாகக் கணிப்புகளில் 40 சதவீத அளவில் இருந்துவந்தனர். கிர்க் ஹாடவே, பென்னி மார்லர், மார்க் சேவ்ஸ் என்ற மூன்று சமூகவியலாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கவுண்டியின், அதாவது மாநிலத்தின் ஓர் உட்பிரிவின், சர்ச்சுகளுடைய வருகை எண்ணிக்கையைத் திரட்டிப் பார்த்தபோது உண்மை வருகை அதில் ஏறத்தாழ பாதிதான் என்று காட்டினார்கள். போவதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கேட்கப்பட்டது சென்ற வாரத்தைப் பற்றி என்றாலும், சொல்லப்படுவது தான் எப்படிப்பட்டவர் என்பது. தொலைபேசியில் ஒரு மனிதக் குரல் கேட்கும்போது இந்த மிகை கூடுவதையும், இணையப் படிவத்தில் குறைவதையும் இத்துறையில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். இரண்டு கணிப்புகளின் சமய எண்களை ஒப்பிடும் முன் அவை எந்த வழியில் எடுக்கப்பட்டன என்று பார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது.

விடைப் பட்டியலும் முடிவை உருவாக்கும். 2004 அதிபர் தேர்தலின் எக்ஸிட் போலில், அதாவது வாக்களித்து வெளியே வருபவர்களிடம் எடுக்கும் கணிப்பில், வாக்கைத் தீர்மானித்த முக்கிய விஷயம் எது என்ற கேள்விக்கு "ஒழுக்க விழுமியங்கள்" 22 சதவீதத்தோடு முதலிடம் பெற்றது. புஷ்ஷை வெற்றிபெறச் செய்தது சர்ச்சுதான் என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பிப் பல மாதங்கள் நீடித்தது. பியூ மையம் அடுத்த சில நாட்களிலேயே ஒரு சோதனை செய்தது: பட்டியலைக் காட்டிக் கேட்டவர்களில் 27 சதவீதம் பேர் அதைத் தேர்ந்தெடுத்தனர், பட்டியல் இல்லாமல் கேட்டபோது, அந்த வகையில் அடங்கும் எதையும் சொன்னவர்கள் ஏறத்தாழ அதில் பாதிதான். அந்த முதலிடத்தில் கேள்வித்தாளைத் தயாரித்தவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

பங்கைச் சரியாகக் கணித்துவிட்டாலும் வேலை முடிவதில்லை, ஏனெனில் இவர்கள் ஒரே முடிவை எடுக்கும் கூட்டம் அல்லர். அயோவாவுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து நடந்த தென் கரோலினா பிரைமரியில் எவாஞ்சலிக்கல் வாக்காளர்கள் பத்தில் ஏழு பேருக்கு மேல். அயோவாவைப் போலவே இருந்திருந்தால் குரூஸ் எளிதாக வென்றிருக்க வேண்டும். வென்றவர் டிரம்ப், அதுவும் அந்த வாக்காளர்களிடமே முதலிடம் பெற்று. அந்தக் காலகட்டத்தில் வாரந்தோறும் சர்ச்சுக்குப் போகும் எவாஞ்சலிக்கல்களிடம் டிரம்புக்கு ஆதரவு குறைவாகவும், எப்போதாவது போகிறவர்களிடம் கூடுதலாகவும் இருந்தது. ஆனால் வாசலில் கேட்கப்படும் ஒரே கேள்வி அந்த இரு பிரிவினரையும் ஒரே பெட்டியில் போட்டுவிடும். மார்மன் சபையினர் பெருந்திரளாக உள்ள யூட்டாவில் அதே ஆண்டு குரூஸ் 69 சதவீதம் பெற, டிரம்ப் 14இல் நின்றார். சமயப் பற்று அங்கும் குறைவில்லை, போன திசை மட்டும் வேறு.

காலம் போகப் போக அந்த அடையாளமே அரசியலோடு சேர்ந்து நகர்கிறது என்பதுதான் என் பார்வையில் மிகவும் கவனிக்க வேண்டியது. 2016க்கும் 2020க்கும் இடையே ஒரே நபர்களைத் திரும்பத் திரும்பக் கேட்ட பியூ ஆய்வில், டிரம்பை ஆதரித்த வெள்ளையரில் ஒரு பகுதியினர் புதிதாகத் தங்களை எவாஞ்சலிக்கல் என்று சொல்லத் தொடங்கியிருந்தது தெரியவந்தது. சமயம் வாக்கைத் தீர்மானிக்கிறது என்று நாம் எழுதும் வாக்கியத்தில் காரணமும் விளைவும் சில வேளைகளில் இடம் மாறிக் கிடக்கின்றன. 2016இல் குரூஸ் முதலிடத்திலும் டிரம்ப் மிகவும் பின்தங்கியும் இருந்த, டச்சுச் சீர்திருத்தச் சபையினர் நிறைந்த வடமேற்கு அயோவாவின் சூ கவுண்டியில், 2024இல் டிரம்ப்தான் முதலிடம். 2008இல் ஹக்கபி, 2012இல் சான்டோரம், 2016இல் குரூஸ் என மூன்று முறையும் அயோவாவின் வெற்றியாளர் பக்கம் நின்ற எவாஞ்சலிக்கல் தலைவர் பாப் வாண்டர் பிளாட்ஸ், 2024 தேர்தலுக்கு டிரம்பின் போட்டியாளரான டிசான்டிஸை ஆதரித்தார். டிரம்போ எவாஞ்சலிக்கல் வாக்காளரில் பாதிக்கு மேல் பெற்று 51 சதவீதத்தோடு வென்றார். தலைவரின் அறிவிப்பையே மந்தையின் வாக்காக எண்ணிய கட்டுரைகளை அன்று நிறையப் பார்க்க முடிந்தது.

சமய வாக்காளர் என்றாலே வெள்ளை எவாஞ்சலிக்கல் என்று கொள்வதும் ஒரு பழக்கக் குறை. ஜனநாயகக் கட்சியின் பிரைமரிகளில், குறிப்பாகத் தெற்கில், கறுப்பினச் சபைகளின் மூத்த உறுப்பினர்களே மிகவும் உறுதியாக வாக்களிக்க வருபவர்கள். 2020 பிப்ரவரி 26 அன்று தென் கரோலினாவில் அம்மாநிலத்தின் செல்வாக்குமிக்க கறுப்பினக் காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் கிளைபர்ன் பைடனை ஆதரித்தார்; மூன்று நாள் கழித்துப் பைடன் 48 சதவீதத்துக்கு மேல் பெற, சாண்டர்ஸ் 20இல் நின்றார். கணிப்புகள் அந்த வாக்காளர்களை இனத்தின்படி பிரித்துக் காட்டின. அவர்களுடைய சபை வாழ்க்கையைப் பற்றிப் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அட்டவணையில் இடமில்லை, அட்டவணையில் இல்லாததைச் செய்தியாளர் எழுதுவதுமில்லை.

தமிழ் வாசகர்கள் ஆர்வத்தோடு தொடர்ந்த விவேக் ராமசாமியின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த, இந்துவான அவர், 2024 அயோவா பிரச்சாரத்தில் தம் சமயத்தைப் பற்றிய கேள்விகளை வெளிப்படையாகவே எதிர்கொண்டார், சுமார் 7.7 சதவீதத்தோடு நான்காமிடம் பெற்று, அன்றிரவே விலகினார். இந்து என்பதால்தான் தோற்றாரா என்ற கேள்விக்கு அந்த வாசல் கணிப்பிலிருந்து விடை எடுக்க முடியாது. அவருக்கு வாக்களித்தவர்கள் மாதிரியில் மிகச் சிலர். அவர்களை மேலும் சமயவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் மிஞ்சுவது விரல்விட்டு எண்ணக்கூடிய தொகை. 600 பேரைக் கேட்ட ஒரு கணிப்பின் பிழை வரம்பு நான்கு புள்ளி என்றால், அதில் பாதிப் பேரான எவாஞ்சலிக்கல்களுக்கு மட்டும் அது ஆறு புள்ளியை நெருங்கும். இன்னும் சிறிய துண்டுகளுக்கு அச்சிடப்பட்ட நான்கு புள்ளியை நம்பவே கூடாது. கணிப்பு நிறுவனங்களில் பல முழு அட்டவணையை இணையத்தில் வைக்கின்றன. அதில் சமயக் கேள்வியின் சொற்கள், அந்தப் பிரிவில் இருந்தோர் எண்ணிக்கை, வாக்களிக்க வருவோரைத் தேர்ந்த விதி ஆகிய மூன்றும் இல்லாவிட்டால், அந்தச் சமயவாரி எண்களை நான் யாருக்கும் எடுத்துச் சொல்வதில்லை.