கிர்மிட்: வாயில் தேய்ந்த ஒரு 'அக்ரிமெண்ட்'

அமிதாவ் கோஷின் 'சீ ஆஃப் பாப்பீஸ்' நாவலைப் படித்த தோழி ஒருத்தி, கிர்மிட்டியா என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கில 'அக்ரிமெண்ட்', பீகார்ப் பக்கத்தில் போஜ்புரி மொழி பேசுகிறவர்கள் வாயில் தேய்ந்து 'கிர்மிட்' ஆனது. அதில் பெயர் பதிந்தவர் கிர்மிட்டியா. 1834-இல் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. பீகார்ப் பக்கத்திலிருந்தும், சென்னைத் துறைமுகம் வழியாக நம் ஊர்களிலிருந்தும், மொரிஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால், அப்புறம் ஃபிஜி என்று கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாலும் ஐந்து வருடக் கெடு. நடுவில் வேலையை விட்டுப் போனால் அது கிரிமினல் குற்றம், சிறைதான். காந்தியிடம் பல் உடைந்து ரத்தம் வழிய வந்து நின்ற பாலசுந்தரம், நேட்டாலில் இப்படி வேலை பார்த்த தமிழர்தான்.

நாவலின் காலம் 1838. கதாநாயகி, காஜிப்பூர்ப் பக்கத்து தீத்தியின் வயல் முழுக்க அபின் செடி, புருஷனுக்கு வேலையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் அபின் தொழிற்சாலையில். அவன் செத்ததும் சிதையில் ஏற்றப்பட்டவளை, தாழ்ந்த சாதி என்று ஊர் ஒதுக்கிய கலுவா தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இருவரும் போய்ச் சேருவது மொரிஷியஸுக்குக் கிர்மிட்டியாக்களை ஏற்றிப்போகும் 'ஐபிஸ்' கப்பலில். அங்கே சாதியும் ஊரும் பின்னால் போய், ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் 'ஜஹாஜ் பாய்', 'ஜஹாஜ் பஹன்', அதாவது கப்பல் அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஆகிறார்கள். எனக்கு அந்த நாவலிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

சொல்லுக்கு வருவோம். அக்ரிமெண்ட் என்றால் இரண்டு பேரும் சம்மதித்தார்கள் என்று அர்த்தம். படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கிய தாளுக்கு அந்தப் பெயர் பொருந்தவே பொருந்தாது. வெள்ளைக்காரன் வைத்த அந்தப் பெயரை ஜனங்கள் தங்கள் நாக்குக்கு வளைத்து, அந்தத் தாளுக்கு மட்டுமில்லாமல், பட்ட பாட்டுக்கும் பெயராக்கிவிட்டார்கள். ஃபிஜியில் இன்றும் 'கிர்மிட்' என்றால் அந்தக் கொத்தடிமைக் காலம் முழுவதும்தான்.

சரி, தமிழில்? வழக்கமாக 'ஒப்பந்தக் கூலி' என்று எழுதுகிறோம். 'ஒப்பந்தம்' அந்தச் சம்மதப் பொய்யை அப்படியே வைத்திருக்கிறது. 'கூலி'யோ நமக்குச் சம்பளம். வள்ளுவர் 'மெய்வருத்தக் கூலி தரும்' என்றது அந்தப் பொருளில்தான். தோட்டத்துரைகள் வாயில் அது மனிதனைக் குறிக்கும் வசவாகிவிட்டது. 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்றாலோ இன்றைக்கு மின்வாரியத்தில் நிரந்தரம் கேட்டுப் போராடுகிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: ஆளோலை. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் கிழவராக வந்த சிவன், 'நீ எனக்கு அடிமை' என்று நீட்டிய ஓலை அது. ஆனால் அது வழிவழி அடிமைக்கானது, கிர்மிட்டுக்குக் கெடு உண்டு. இருந்தாலும் தாளில் எழுதி ஆளைக் கட்டும் கொடுமை இதில் தெரிகிறது. கட்டுரையில் 'ஆளோலைத் தொழிலாளர்' என்று எழுதிப் பார்க்கலாம் என்று தோழியிடம் சொன்னேன். நாவலை மொழிபெயர்த்தால் மட்டும் 'கிர்மிட்' என்றே விட்டுவிடு என்றேன், அது அவர்களே உண்டாக்கிய சொல்.