கிளட்ச் பிளேட்டை மாற்றும் முன் லீவரை நாலு தடவை அடித்துப் பாருங்கள்

இந்த மாதத்தில் என்னிடம் வந்த மூன்றாவது ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது) பைக் இது. கிளட்ச்சை முழுசாகப் பிடித்தும் வண்டி முன்னால் இழுக்கிறது, நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது, முதல் கியர் போட்டால் 'டக்'கென்று அடிக்கிறது. வேறு இடத்தில் பிளேட் செட்டையே மாற்றிவிட்டு வந்திருந்தார் வண்டிக்காரர். கழற்றிய பழைய பிளேட்டுகள் பையில் இருந்தன. அளந்து பார்த்தேன், ஒன்றுகூடத் தேயவில்லை.

பிளேட் தேய்ந்தால் கிளட்ச் நழுவும்: ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் மட்டும் கத்தும், வேகம் ஏறாது. இவருக்கு நடந்தது நேர் எதிர், பிளேட்டுகள் பிரியவே இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து அந்தத் திருகு. லீவரில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்குமே, அதைத் திருகி 'கிளட்ச் டைட் வைத்துவிட்டேன்' என்கிறார்கள். ஐயா, அது உங்கள் விரல் நீளத்துக்கு லீவரைத் தள்ளிவைக்க மட்டும்தான். கேபிள் கிளட்ச்சில் இருப்பது போன்ற அட்ஜஸ்ட்மென்ட் ஹைட்ராலிக்கில் கிடையாது. லீவர் தூரமாகப் போனால் இழுக்கக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும், அதனால் இரண்டு நாள் சரியானது போலவே இருக்கும், ஆயில் லைனுக்குள் புகுந்து லீவர் அழுத்தத்தை விழுங்குகிற காற்று மட்டும் அப்படியே இருக்கும்.

முதலில் லீவரை வேகமாக நாலைந்து தடவை அடியுங்கள், அதாவது பிடித்துப் பிடித்து விடுங்கள். கிளட்ச் கெட்டியாகிக் கியர் லேசாக விழுந்தால், பெரும்பாலும் லைனில் காற்றுதான். பிடித்தபடியே இருக்கும்போது மெதுவாக வண்டி நகரத் தொடங்கினால் மாஸ்டர் சிலிண்டர் (ஹேண்டிலில் லீவர் பக்கம் இருந்து ஆயிலைத் தள்ளுவது) சீலையும் ஸ்லேவ் சிலிண்டரையும் (இன்ஜின் பக்கம் இருந்து அந்த அழுத்தத்தில் கிளட்ச்சைப் பிரிப்பது) பாருங்கள். ஸ்லேவ் பல வண்டிகளில் முன் ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுற்றும் பல்சக்கரம்) பக்கம் இருக்கும், அங்கே ஈரம் இருந்தால் கசிவு.

இவர் வண்டியில் கீழே பிளீட் செய்தும் (ஆயிலோடு காற்றை வெளியே எடுத்தும்) காற்று முழுசாகப் போகவில்லை, மேலே மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து பாஞ்சோ போல்ட்டில் (ஆயில் குழாயை இணைக்கும் துளை போல்ட்) ஒளிந்திருந்தது. அந்தப் பக்கம் உயரமாக இருக்கும்படி ஹேண்டிலைத் திருப்பி, லீவரை கிரிப்போடு சேர்த்துக் கட்டி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் மாஸ்டர் சிலிண்டர் ஆயில் டப்பா மூடியைத் திறந்து கட்டை அவிழ்த்து லீவரை மெதுவாக விட்டால், கடுகளவு குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. (மூடி திறந்திருக்கும்போது லீவரை வேகமாக விடாதீர்கள், ஆயில் பீய்ச்சி அடித்து டேங்க் பெயின்ட் போய்விடும். துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள்.)

ஆயில் குறைகிறதே என்று ஊற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரேக்கில் பேட் தேய்ந்தால் ஆயில் மட்டம் இறங்கும். கிளட்ச்சில் பிளேட் தேயத் தேய மட்டம் ஏறத்தான் செய்யும். இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். விளிம்பு வரை ரொப்பினாலும் தப்பு, ஆயில் திரும்பி வர இடமில்லாமல் கிளட்ச் நழுவ ஆரம்பிக்கும்.

அப்புறம், தயவுசெய்து மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சில வண்டிகளுக்கு டாட் 4 (பிரேக் ஆயில் வகை), சிலவற்றுக்கு மினரல் ஆயில். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே சீல் எல்லாம் பாழ். சரியான ஆயில் கிடைக்காவிட்டால் வண்டியை நிறுத்திவையுங்கள், கையில் கிடைத்ததை ஊற்றாதீர்கள்.