டெட்லிஃப்ட்: நிலத்தூக்கு

ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்து ஜிம்களில் ‘இன்னைக்கு டெட்’ என்றாலே போதும், விளங்கிவிடும். இரு முனையிலும் எடைத் தட்டு மாட்டித் தரையில் கிடக்கும் பார்பெல் தண்டை இரு கைகளாலும் பற்றி, முழங்காலும் இடுப்பும் முழுதாக நிமிரும்வரை தூக்கி நிற்பதுதான் டெட்லிஃப்ட். ‘டெட்’ என்று வருவதால் சாவோடு முடிச்சுப் போட்டு, ‘தூக்கினால் செத்தான்’ என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. அது பிழை.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அசைவற்றது, வேகம் ஏறாதது என்ற பொருளும் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தொடர் புழங்கியது. குதிரை தன் சக்திக்கு மீறிய பாரத்தை அசைக்க முடியாமல் இழுத்துத் திணறுவதை அப்படிச் சொன்னார்கள். ஜிம்முக்கு அது வந்தது வெகு பின்னால். (டம்பெல்லும் இதே இனம்தான்: சத்தம் வராத ஊமை மணி.)

தூக்கிப் பார்த்தால் பெயர் பொருந்துவது தெரியும். குந்தி எழும் ஸ்குவாட்டில் பாரம் தோளில் அமர்ந்து அமுக்குகிறது. குந்தும்போது தொடைத் தசை இழுபடுவதால், எழும்போது அந்த இழுவையே கொஞ்சம் கைகொடுக்கும். மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே தள்ளும் பெஞ்ச் பிரெஸ்ஸிலும் இறக்கிவிட்டுத்தான் ஏற்றுகிறோம். டெட்லிஃப்டில் அந்தக் கடன் கிடையாது. பாரம் கையில் தொங்குகிறது, முதல் இரண்டு அங்குலம் முழுக்கச் சொந்தச் சக்தி. லொறியடியில் கிடக்கும் 50 கிலோ உர மூட்டையின் காதைப் பிடித்துக் கிளப்பியவர்களுக்கு இது புதிதல்ல.

தமிழில் என்ன சொல்வது? ‘இறந்த தூக்கு’ கணினி மொழிபெயர்ப்பின் கைங்கரியம், தள்ளிவிடலாம். ‘கிடைத்தூக்கு’ அழகுதான், ஆனால் நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘கிடை’ என்றால் படுக்கைவாட்டு, எனவே குழப்பும். ‘பளுதூக்கல்’ ஏற்கெனவே ஒலிம்பிக் போட்டியின் பெயர். 1972-க்குப் பின் பிரெஸ் (நின்றபடி தோளிலிருந்து தலைக்கு மேலே தள்ளுவது) நீக்கப்பட்டு, அதில் ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்கும் ஸ்னாட்ச், தோளில் ஏற்றிப் பிறகு மேலே தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டுதான் மிச்சம். டெட்லிஃப்ட் இருப்பது வலுதூக்கல் (பவர்லிஃப்டிங்) என்ற வேறு போட்டியில், ஸ்குவாட்டுக்கும் பெஞ்ச் பிரெஸ்ஸுக்கும் அடுத்து. ஊர் இளைஞர்கள் பலம் காட்டத் தூக்கும் இளவட்டக்கல்லை நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது கால்களுக்கு இடையில் கிடக்கும் கல்லை முதுகு வளைத்துக் கட்டிப்பிடித்து எடுப்பது. தண்டை அப்படி எடுக்கக்கூடாது. ‘நிலத்தூக்கு’ என்பதே சரியாகப் படுகிறது. எங்கே தொடங்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தண்டு நிலத்தில் முழுதாக ஓய்ந்து, அங்கிருந்து எழ வேண்டும். தட்டு தரையில் பட்டுத் துள்ளும் வேகத்தில் அடுத்ததை எடுத்தால் எண்ணிக்கை கூடும், நிலத்தூக்கு இராது.

நிற்கும்போது தண்டு பாதத்தின் நடுப்பகுதிக்கு மேலே, முன்னங்காலிலிருந்து (முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம்) இரண்டு மூன்று சென்றிமீற்றர் தள்ளி இருக்கட்டும். காலுக்குச் சற்று வெளியே பிடித்து, முன்னங்கால் தண்டைத் தொடும்வரை முழங்காலை மடக்கி, நெஞ்சை நிமிர்த்த வேண்டும். வயிறு நிறைய மூச்சிழுத்துத் தம் கட்டி, உடனே வெடுக்கென்று இழுக்காமல், தண்டுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள தொய்வை முதலில் எடுத்துவிடுங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகே தரையைக் காலால் மிதித்துத் தள்ள வேண்டும். தண்டு காலை உரசியபடியே ஏறும். மேலே போய் நேராக நின்றால் போதும், பின்னால் சாய வேண்டாம்.

இடுப்பு மட்டும் முதலில் எழுந்தால் பெரும்பாலும் தொடக்கத்தில் இடுப்பை அளவுக்கு மீறித் தாழ்த்தியிருப்பார்கள், அல்லது பாரம் கூடிவிட்டது. தண்டு காலைவிட்டு முன்னால் விலகினால் கீழ்முதுகு அந்த வித்தியாசத்தைச் சுமக்கும். மறுநாள் தொடையின் பின்புறமும் பிட்டமும் வலித்தால் சரியாகப் போயிருக்கிறது. இடுப்பு பிடித்துக்கொண்டால் பாரத்தைக் குறைத்து முறையைப் பாருங்கள்.

சின்ன ஜிம்களில் இன்னொரு சிக்கல், தட்டின் அளவு. போட்டித் தட்டின் விட்டம் 45 சென்றிமீற்றர், ஆகவே தண்டு தரையிலிருந்து 22.5 சென்றிமீற்றரில் இருக்கும். 5 கிலோ, 10 கிலோ இரும்புத் தட்டு அதைவிடச் சிறியது. தண்டு தாழ்ந்து, எடுப்பவர் முதுகை வளைத்தே ஆக வேண்டியதாகிவிடும். இரு பக்கமும் பலகை அடுக்கி உயர்த்துங்கள். சரிவான சீமெந்துத் தரையில் தண்டு உருளும், அந்தப் பலகையில் ஒரு கட்டை அடித்தால் நிற்கும். நுவரெலியாக் காலைக் குளிரில் வெறும் 20 கிலோ தண்டோடு இரண்டு செட் (ஓய்வெடுக்காமல் செய்யும் ஒரு சுற்று) கூடுதலாகப் போட்ட பிறகே தட்டு ஏற்றுவது நல்லது. மெத்தென்ற ஓட்டச் சப்பாத்தும் வேண்டாம், தட்டையான அடி போதும்.

தொடங்குபவர்களுக்கு வாரம் ஒருமுறை, ஐந்தைந்தாக மூன்று செட் தாராளம். முறை கெடாதவரை வாரம் 2.5 முதல் 5 கிலோ கூட்டலாம். ஸ்குவாட்டை வாரம் இருமுறை தாங்கும் உடம்பும் கனத்த நிலத்தூக்கை அப்படித் தாங்குவது அரிது.

ருமேனியன் டெட்லிஃப்ட் என்பதை மட்டும் இந்தப் பெயரில் சேர்க்க முடியாது. 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனிய வீரர் நிக்கு விளாட் வழியாக வந்த பெயர் அது. நின்ற நிலையில் தொடங்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முன்னங்காலின் நடுவரை இறக்கி ஏற்றுவது. தட்டு தரையைத் தொடாது. ‘ருமேனியத் தூக்கு’ என்று தனியாகவே வைத்துக்கொள்ளலாம். நிலத்தூக்கில் எடுக்கும் எடையில் பாதியளவோடு, எட்டு முறை.