மழை விட்ட பிறகு ஏறும் ஆறு

கோலாலம்பூரின் செந்தூலில் மழை விட்டு வெயில்கூட எட்டிப் பார்த்திருக்கும். மஸ்ஜித் ஜாமெக் பக்கம் போனால், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் தண்ணீர் அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும். எவ்வளவு ஏறும், எத்தனை மணிக்கு ஏறும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் மழை-நீரோட்ட மாதிரி என்ற கணக்கு முறையின் வேலை.

எங்கள் பிளாட் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. நாலு நாள் காயவிட்டு ஊற்றினால் முதல் குவளைத் தண்ணீர் போன இடம் தெரியாது. இரண்டாவதில் அடித்துளை கசியும். மூன்றாவதை அவசரமாக ஊற்றினால் விளிம்பில் வழிந்து தரையெல்லாம் சேறு. ஊற்றுவதை நிறுத்திய பிறகும் அடியில் வெகுநேரம் சொட்டும்.

மழைநீர் வடிந்து ஓர் ஆற்றில் சேரும் நிலப்பரப்பான நீர்ப்பிடிப்புப் பகுதியும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஜப்பானியரான சுகவாரா உருவாக்கிய 'தொட்டி மாதிரி'யில், துளையிட்ட தொட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். பக்கத்துளையில் வருவது ஆற்றுக்கு, அடித்துளையில் இறங்குவது கீழ்த்தொட்டிக்கு. மேல்தொட்டி வெள்ளத்தைத் தரும். மழையே இல்லாத வாரத்தில் ஆற்றில் ஓடும் நீர் கீழ்த்தொட்டியின் சொட்டு. நேற்று பெய்த மழையும் கணக்கில் வந்துவிடுகிறது. ஈரமான தொட்டி குறைவாகத்தானே குடிக்கும்?

கோலாலம்பூரில் சிக்கல், தொட்டிக்கு மேல் சிமெண்ட் பூசிவிட்டோம் என்பது. 1 சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 கன மீட்டர் தண்ணீர். மணிக்கு 60 மி.மீ. வீதம் கொட்டினால் வினாடிக்கு ஏறக்குறைய 17 கன மீட்டர். காட்டில் அதில் பத்தில் மூன்று பங்கு ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஆற்றுக்கு 5 சேரும். கூரையும் தாரும் நிறைந்த இடத்தில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 15. மழை ஒன்றுதான், ஆறு மூன்று மடங்கு. அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காட்டிய இந்தப் பெருக்கல், சின்ன இடங்களுக்கு இன்றும் போதும்.

பெரிய ஆற்றுக்குப் போதாது. அங்கே நேரம்தான் எல்லாம். 1932இல் அமெரிக்கரான ஷெர்மன் ஒரு வழி சொன்னார். ஒரு மணி நேர மழையில் 10 மி.மீ. நீர் மண்ணுக்குள் போகாமல் ஓடினால் ஆறு எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு வளைகோடு வரையுங்கள். 20 மி.மீ. ஓடினால் அதை இரட்டிப்பாக்குங்கள். அடுத்த மணி நேர மழைக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக் கூட்டுங்கள். அவ்வளவுதான். ஆறு இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு ஆறுகளின் உச்சமும் ஒரே நேரத்தில் கூடுமிடத்துக்கு வந்தால் ஆபத்து. ஒன்று பிந்தினால் தப்பிக்கலாம். ஒவ்வொரு தாமானும் (குடியிருப்பு) தன் லோங்காங்கை, அதாவது வடிகாலை, பெரிதாக வெட்டித் தண்ணீரைச் சீக்கிரம் விரட்டுவது கீழே இருப்பவர் தலையில் விடிவது இதனால்தான். அதனால்தான் நீர்ப்பாசன வடிகால் துறை 2000இல் வெளியிட்ட கையேடு, மழைநீரைப் பெய்த இடத்திலேயே குளங்களில் பிடித்துவைத்து மெதுவாக விடச் சொன்னது.

2007இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் வெள்ளநீர்ச் சுரங்கமும் இதே யோசனைதான்: உச்சத்தை வெட்டியெடுத்து, நகர மையத்தைச் சுற்றித் தெற்கே கொண்டுபோவது. அதன் நடுப்பகுதியில் கார்கள் ஓடுகின்றன. பெருமழையில் சாலையைக் காலி செய்த பிறகே அங்கே தண்ணீரை விட முடியும். மாதிரி சொல்லும் நேரம் பிசகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிசகாமல் இருப்பதும் லேசல்ல. இங்கே சாயங்கால மழை ஒரு தாமானில் கொட்டும். அடுத்த தாமானில் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். மழைமானி துணி காயும் பக்கம் நின்றால், மாதிரியைப் பொறுத்தவரை அன்று மழையே பெய்யவில்லை.