பெயிண்ட் போவது தண்ணீரில் இல்லை, பையில்

பெயிண்ட் உரிந்த டிகாய்களை, அதாவது நிஜ வாத்துகளை இறங்கவைக்க வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளை, தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரைத்தான் திட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது அலகு நுனி, வால் நுனி, தலையின் பக்கவாட்டு. இந்த இடங்களில் மட்டும் பிளாஸ்டிக் பல்லைக் காட்டுகிறது, நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த அடிவயிறு அப்படியே இருக்கிறது என்றால் தண்ணீர் என்ன செய்யும், பாவம்.

இன்று கிடைக்கும் டிகாய்களில் பெரும்பாலானவை பாலிஎதிலீன், அதன்மேல் எதுவும் லேசில் ஒட்டாது. பெயிண்ட் உள்ளே இறங்காமல் மேலே ஆடைபோல உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அதை ஒரு டஜனாக வலைப்பையில் கொட்டி, தண்ணீரில் நகராமல் நிறுத்தும் கயிற்றையும் ஈயக் குண்டையும் சுற்றாமல் அப்படியே உள்ளே போட்டு, மேடு பள்ளத்தில் வண்டியை ஓட்டினால் ஒவ்வொரு குண்டும் சின்னச் சுத்தியல் மாதிரி வேலை பார்க்கும். இதில் சேறு வேறு காய்ந்திருந்தால் உப்புக்காகிதமே தேவையில்லை.

அதனால் ஒவ்வொரு வாத்துக்கும் தனித்தனி அறை தைத்த பை வாங்குங்கள், கிளம்பும் முன் நல்ல தண்ணீரில் அலசுங்கள், கயிற்றை வாத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையில் சுற்றிக் குண்டை அசையாமல் மாட்டுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மூட்டையாக அடைத்து வைக்க வேண்டாம், சூட்டில் பெயிண்ட் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தலையில் வெல்வெட் மாதிரி பூப்பஞ்சு ஒட்டிய வகை என்றால் ஈரச் சேற்றைத் தேய்க்காதீர்கள், காய்ந்தபின் மெதுவான பிரஷ்.

சரி, உரிந்தே போய்விட்டதா? பாத்திரம் கழுவும் சோப்பில் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பிளாஸ்டிக்குக்கென்று வரும் பிரைமர் அடித்து, அப்புறம்தான் பளபளக்காத மேட் பெயிண்ட், அதுவும் மெல்லிய பூச்சுகளாக. அவசரப்பட்டு மறுநாளே பையில் போட்டால் இத்தனை வேலையும் வீண்.

என்னைக் கடுப்பேற்றுவது வேறொன்று, "பாதுகாப்புக்கு" என்று பளபள வார்னிஷ் அடிப்பது. ஒருவர் மொத்தச் செட்டுக்கும் அடித்துவிட்டு, நிஜ வாத்துகள் கிட்டே வந்து சட்டென்று திரும்பிவிடுகின்றன என்று வந்தார். ஒன்றை எடுத்து நனைத்து வெயிலில் காட்டினேன், முதுகு கண்ணாடிபோல மின்னியது. மேல்பூச்சு வேண்டுமென்றால் துளியும் பளபளப்பில்லாத மேட் மட்டும்தான்.

இதெல்லாம் பிளாஸ்டிக்குக்கு. தாத்தா காலத்து மரவாத்து கையில் இருந்தால் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். அமெரிக்க மரச்சிற்பி எல்மர் க்ரோவெல் செதுக்கிய இரண்டு டிகாய்கள் 2007-ல் தலா பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின. இந்த மாதிரிப் பழைய வாத்துகளில் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவதே கைபடாத பழைய பெயிண்டைத்தான். அந்தப் பெயிண்டில் ஈயமும் இருக்கலாம், எனவே சுரண்டவோ உப்புக்காகிதம் போடவோ வேண்டாம். வெயில் படாத அலமாரி போதும்.