வால்வை மூடிய பிறகு குழாயில் என்ன நடக்கிறது?

ஒதுக்குப்புறத்தில் இருக்கும் ஊர் வளர வளர, தண்ணீரை நேரம் பிரித்து விடுவார்கள். காலையில் இரண்டு மணி நேரம், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். இருப்பதைப் பங்கிட வேறு வழியில்லை என்றுதான் தோன்றும். ஆனால் கிருமிகளுக்கு வழி திறப்பது, தண்ணீர் வராத அந்த நேரத்தில்தான்.

மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே குழாயில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் இருக்கும். அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும். நஷ்டம், அவ்வளவுதான். வால்வை மூடியதும் நிலைமை தலைகீழ். மேட்டுத்தெருக் குழாயில் மிச்சமிருக்கும் நீர் பள்ளத்துக்கு இறங்க, பின்னால் அழுத்தம் குறைந்து, அதே ஓட்டை சுற்றியுள்ள ஈரத்தை உள்ளே இழுக்கும். குழாயிலேயே மோட்டார் மாட்டி உறிஞ்சும் வீடுகள் இதை இன்னும் மோசமாக்கும்.

அது என்ன ஈரம் என்பதைத் தீர்மானிப்பது ஊரின் அமைப்பு. முதலில் வீடுகள் வரும், அப்புறம் குடிநீர்க் குழாய். பாதாளச் சாக்கடை கடைசியில், பல ஊர்களில் வருவதே இல்லை. வீட்டுக்கு வீடு கழிவறைக் குழி. தோண்டச் சுலபம் என்று சாக்கடை ஓரமாகவே குழாய் பதிப்பதும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, குடிநீர்க் குழாயை மேலே போடுவதுதான் பொறியியல் முறை.

குளோரின் காப்பாற்றாதா? ஓரளவுக்குத்தான். வீட்டுக்கு வந்து சேரும் நீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிச்சமிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாக்கடை கலந்தால் அதுவும் கரைந்துபோகும். ஆய்வகம் தொலைவில் இருக்கும் ஊருக்கு, குளோரின் இப்படிக் குறைவதே நல்ல எச்சரிக்கை மணி: மாத்திரை போட்டு நிறம் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடம் போதும்.

தண்ணீர் வராத நாளுக்காக டிரம்மில் பிடித்து வைப்பதில் இன்னொரு தொல்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையிடும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது. கவிழ்த்து ஊற்றினால் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

சரி, நாள் முழுக்கத் திறந்துவிட்டால்? ஓட்டைகளும் நாள் முழுக்கக் கசியும், தொட்டி காலியாகும். எனவே புது ஆழ்துளைக் கிணறு தேடும் முன், கசிவைத் தேடுவதே புத்திசாலித்தனம். ஒரு பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, அதன் நுழைவாயிலில் மீட்டர் வைத்து, தொடர்ந்து தண்ணீர் விட்டு, ஊர் தூங்கும் பின்னிரவில் அளந்து பார்க்கலாம். வீட்டுத் தொட்டிகள் நிரம்பிய பிறகும் ஓடிக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு கசிவுதான்.