கத்த வேண்டிய ஹாரன் ஏன் முனகுகிறது?

ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் என் கார். ஓட்டுநருக்கு நான் நிற்பது தெரியவில்லை என்று புரிந்ததும் ஹாரனை அழுத்திப் பிடித்தேன். காருக்குள் இருந்த எனக்கே அந்தச் சத்தம் அடுத்த தெருவிலிருந்து வருவது போலத்தான் கேட்டது. லாரியின் இரைச்சலைத் தாண்டி அவர் காதுக்கு அது போகவே இல்லை. ஓரமாக நின்ற ஒருவர் லாரியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டியதால் வண்டி நின்றது. என் பானட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

அந்த வாரமே சத்தமான ஹாரன் ஒன்று வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டு, அதே ஒயரில் மாட்டினேன். முன்பைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். பெட்டியில் போட்டிருந்த டெசிபலுக்கு, அதாவது ஒலியின் அளவுக்கு, பக்கத்தில்கூட வரவில்லை. மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது: ஹாரனுக்கு மின்சாரம் வந்து சேரும் வழியிலேயே பாதிச் சத்தம் தொலைந்துகொண்டிருந்தது. ஹாரன் மாற்ற நினைக்கும் யாரும் பணம் செலவழிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு, ஹாரன் எப்படிச் சத்தம் போடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரும்பாலான கார் ஹாரன்களுக்குள் முக்கியமாக இருப்பவை நான்கு பொருள்கள். செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில். அதற்கு எதிரே, விளிம்பு முழுக்க இறுக்கிப் பிடித்த வட்டமான மெல்லிய எஃகுத் தகடு. இதை டயாப்ரம் என்பார்கள். தகட்டின் நடுவில் பொருத்திய ஓர் இரும்புக் கட்டை. அப்புறம் ஒரு ஜோடி பாயிண்ட், அதாவது ஒட்டியும் பிரிந்தும் மின்சாரத்தை இணைத்து வெட்டும் உலோக முனைகள். மின்சாரம் இந்தப் பாயிண்ட் வழியாகத்தான் காயிலுக்குப் போகும். காயில் காந்தமாகி இரும்புக் கட்டையை இழுக்க, தகடு உள்பக்கம் வளைகிறது. வளைகிற வேகத்தில் அந்தக் கட்டையே பாயிண்ட்டைத் தள்ளித் திறந்துவிடுகிறது. மின்சாரம் அறுந்ததும் காந்தமும் போய்விடும். தகடு ஸ்பிரிங் போல வெளியே துள்ளும். பாயிண்ட் மறுபடி ஒட்டும், மறுபடி இழுப்பு. தன் மின்சாரத்தைத் தானே வெட்டி, தானே ஒட்டிக்கொள்ளும் இந்த ஆட்டம் நொடிக்குச் சுமார் 400 முறை நடக்கிறது. பழைய மின்சார அழைப்பு மணி அடிப்பதும் இதே ஏற்பாட்டில்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தட்டையான டிஸ்க் ஹாரனில் ஒவ்வொரு இழுப்பிலும் இரும்புக் கட்டை எதிரே இருக்கும் இரும்பில் போய் மோதுகிறது. அந்த ஹாரனின் கூர்மை முழுக்க இந்த மோதலில் இருக்கிறது. தகடு மோதாமல் முன்னும் பின்னும் அசைந்தால் வருவது மந்தமான ஒற்றை ஒலி. மோதினால் 400 ஹெர்ட்ஸோடு (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) 800, 1200, 1600 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து கிளம்பும். இந்த ஹாரனில் தகட்டுக்கு முன்னால் இன்னொரு தட்டைப் பொருத்தி, 2000 முதல் 3500 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிகள் தூக்கலாக வரும்படி செய்திருப்பார்கள்.

அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நம் காது. காதுத் துவாரம் என்பது சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள, ஒரு முனை செவிப்பறையால் மூடிய குழாய். அப்படிப்பட்ட குழாய் தன்னைப்போல் நான்கு மடங்கு நீளமுள்ள ஒலியலைக்கு ஒத்ததிரும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3400 ஹெர்ட்ஸ் வருகிறது. ஆகவே அந்த ஒலி வரும்போது காதே அதைக் கொஞ்சம் பெருக்கிக் கொடுத்துவிடும்.

நத்தை வடிவ ஹாரனில் இரண்டாவது தட்டுக்குப் பதிலாகச் சுருண்ட குழாய் இருக்கும். 400 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் 86 செ.மீ. அதற்கு ஒத்திசைகிற குழாயை நேராக நீட்டி வைக்க கிரில்லுக்குப் பின்னால் இடம் ஏது? அதனால் சங்கு போலச் சுருட்டியிருக்கிறார்கள். குழாய் உள்ளே குறுகலாகத் தொடங்கி வாயருகே விரிவதும் காரணத்தோடுதான். எஃகுத் தகடு பலமாகத் தள்ளும், ஆனால் மிகக் கொஞ்சமே அசையும். காற்றோ மிக லேசானது. இரண்டும் நேரடியாகச் சந்தித்தால் தகட்டின் பலம் காற்றில் சரியாக ஏறாது. மெல்ல விரியும் குழாய் நடுவில் ஒரு கியர் போல நின்று அந்தப் பலத்தைக் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கிறது. தூரத்தில் போகிறவரைக் கூப்பிட வாயருகே கைகளைக் குவிக்கிறோமே, அதே வித்தைதான். டிஸ்க்கின் ஒலி கீச்சென்று துளைக்கும். நத்தையின் ஒலி கனமாகப் பரவும். எனக்குப் பிடித்தது நத்தைதான்.

இரட்டை ஹாரனாக வாங்கினால் ஒன்றில் 'லோ', மற்றதில் 'ஹை' என்று எழுதியிருக்கும். 400, 500 ஹெர்ட்ஸ் வாக்கில் இருந்தால் இரண்டுக்கும் உள்ள விகிதம் 4க்கு 5. கர்நாடக இசையில் ஸட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள உறவு அது. சேர்ந்து ஒலிக்கும்போது நிறைவாகக் கேட்பது அதனால்தான்.

1908 வாக்கில் வந்த புகழ்பெற்ற கிளாக்சன் ஹாரன் வேறு வழியில் சத்தம் போட்டது. மில்லர் ரீஸ் ஹட்சிசன் அமைத்த அந்தக் கருவியில், சுழலும் பல்சக்கரம் தகட்டின் நடுவில் உள்ள குமிழை உரசிக்கொண்டே போகும். அதே ஹட்சிசன் அதற்கு முன் காது மந்தமானவர்களுக்காக மின்சாரச் செவிக்கருவி செய்தவர் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

இனி டெசிபல். ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கானால் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி 28, கார் ஹாரனின் ஒலி 2 மீட்டர் தூரத்தில் 105 முதல் 118 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. உச்சவரம்பான 118 என்றே வைத்துக்கொண்டாலும், 32 மீட்டர் தள்ளிப் போவதற்குள் அது 94 ஆகிவிடும். அப்புறம் எதிர் வண்டியின் மூடிய கண்ணாடி, உள்ளே ஓடும் பாட்டு. தொழிற்சாலை ஹாரன் இந்த வரம்பின் அடிமட்டத்தில் இருந்து, அதுவும் வயதாகித் தளர்ந்திருந்தால், கேட்காமல் போவதில் ஆச்சரியம் இல்லை. உங்கள் நாட்டின் உச்சவரம்பைப் பார்த்துக்கொண்டு வாங்குங்கள். அதைத் தாண்டிய ஹாரன் நடந்து போகிறவர்களின் காதைத்தான் முதலில் கெடுக்கும்.

சரி, மின்சாரம் எங்கே தொலைகிறது? ஹாரன் ஒன்று 4 அல்லது 5 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து அதுவரை நீளமான மெல்லிய ஒயர், பியூஸ், நாலைந்து சாக்கெட் இணைப்புகள், கடைசியில், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியாகப் பாடியில் முறுக்கிய எர்த் போல்ட். எல்லாம் சேர்ந்து வெறும் 0.3 ஓம் மின்தடை இருந்தால்கூட, 5 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் கிளம்பி 10.5 வந்து சேர்கிறது. திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. அதே வழியில் 10 ஆம்பியர் இழுக்கும் இரட்டை ஹாரனை மாட்டினால் ஏறக்குறைய 3 வோல்ட் போகும். கிடைக்கும் திறன் பாதிக்குச் சற்று மேல். டெசிபலில் பார்த்தால் இது 2 அல்லது 3 தானே என்று தோன்றலாம். ஆனால் இழுக்கும் பலம் குறைந்தால் டிஸ்க் ஹாரனில் இரும்புக் கட்டை எதிர் இரும்பில் போய் முட்டுவதே நின்றுவிடலாம். மோதல் போனால் அந்தக் கூர்மையான மேல் ஒலிகளும் போய்விடும். மிஞ்சுவது முனகல். பெரிய ஹாரனைப் பழைய ஒயரில் மாட்டி நான் ஏமாந்தது இதனால்தான்.

ஆகவே எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒருவரை ஹாரனை அழுத்தச் சொல்லி, ஹாரனின் இரண்டு முனைகளிலும் பாருங்கள். 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது, ஹாரன்தான் தேய்ந்துவிட்டது. 10 வாக்கில் இருந்தால் வழியில் திருட்டு நடக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்கவும் சுலபமான வழி உண்டு: ஹாரனை அழுத்தியபடியே மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் மற்றதை ஹாரனின் பாசிட்டிவிலும் வைத்தால், அந்தப் பாதியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று மீட்டரே காட்டும். அதேபோல நெகட்டிவ் பக்கமும் பாருங்கள். பல கார்களில் குற்றவாளி எர்த் போல்ட்டின் அடியில் இருக்கும் துருதான். உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முறுக்கினாலே பழைய ஹாரன் உயிர் பெற்றுவிடும்.

இருந்தும் பெரிய ஹாரன் வேண்டும் என்றால் ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச், போட்டுத்தான் மாட்ட வேண்டும். இந்த வேலையின் உயிர்நாடி அது. தந்திக் காலத்தில் நூற்றுக்கணக்கான மைல் ஓடிக் களைத்து வரும் மின்சாரத்தால் கருவியை நேரடியாக இயக்க முடியாது. அதனால் அந்தச் சன்னமான மின்சாரம் ஒரு சிறு காந்தத்தை மட்டும் இழுக்க, அந்தக் காந்தம் அங்கேயே வைத்திருக்கும் புது பேட்டரியை இணைத்துவிடும். காரின் ரிலேயும் அதே வேலையைச் செய்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து வரும் பழைய மெல்லிய ஒயர் ரிலேயின் காயிலை மட்டும் இயக்குகிறது, அதற்கு 0.15 ஆம்பியர் வாக்கில் போதும். ஹாரனுக்கான 10 ஆம்பியர் பேட்டரியிலிருந்து தடிமனான தனி ஒயரில் நேராகப் பாய்கிறது.

சாதாரண நான்கு முனை ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 85, 86 இரண்டும் காயிலின் முனைகள். பழைய ஹாரனில் செருகியிருந்த இரண்டு ஒயர்களையும் இவற்றில் கொடுத்துவிட வேண்டும். பழைய ஹாரனுக்கு ஒற்றை ஒயர்தான் என்றால் அதை 86இல் கொடுத்து, 85ஐ பாடியில் எர்த் செய்ய வேண்டும். 30இல் பேட்டரி பாசிட்டிவிலிருந்து வரும் புது ஒயர். 87இலிருந்து இரண்டு ஹாரன்களுக்கும். ஹாரன்களின் மறு முனைகள் சுரண்டிச் சுத்தம் செய்த உலோகத்தில் எர்த். ரிலேயின் மேல் டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) படம் வரைந்திருந்தால் மட்டும் பிளஸ் மைனஸை மாற்றிவிடக் கூடாது. இந்த முறையில் ஸ்டியரிங்கைத் தொடவே தேவையில்லை. தொடவும் கூடாது, அதற்குள் ஏர்பேக் இருக்கிறது.

ஒயர் 2.5 சதுர மி.மீ. தடிமனில் இருக்கட்டும். அப்படிப்பட்ட செம்பு ஒயர் 2 மீட்டரில் 10 ஆம்பியர் ஓடினாலும் இழப்பு 0.14 வோல்ட்தான். அதே நீளத்துக்கு 0.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் ஐந்து மடங்கு தொலையும்.

பியூஸ் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், அலட்சியம் வேண்டாம். புது ஒயர் பேட்டரியை விட்டுக் கிளம்பிய ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் காப்பது ஹாரனை அல்ல, ஒயரை. ஒயரின் தோல் எங்காவது உரசிக் கிழிந்து பாடியில் பட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதில் கொட்டும். ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும். பியூஸை ஹாரனுக்குப் பக்கத்தில் வைத்தால் அதற்கு முந்தைய ஒயர் முழுவதும் காவல் இல்லாமல் கிடக்கும். பழைய ஒயரிலேயே பெரிய ஹாரனை மாட்டி, பியூஸ் போகிறதே என்று பெரிய பியூஸ் போடுவது இதைவிட ஆபத்து.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஹாரனோடு வரும் பட்டைக் கம்பியை வைத்தே ஹாரனைப் பொருத்துங்கள். தகடு ஒரு பக்கம் துள்ளும்போது ஹாரனின் உடல் மறுபக்கம் துள்ளும். ஸ்பிரிங் போல வளையும் அந்தப் பட்டை அதற்கு இடம் கொடுக்கிறது. ஹாரனின் உடல் காரின் எந்த உலோகத்திலும் இடிக்கக் கூடாது, இடித்தால் கரகரக்கும். நத்தையின் வாய் முன்னோக்கிக் கீழ்ச் சாய்வாக இருக்கட்டும். மேல் நோக்கி வைத்தால் மழைத் தண்ணீர் குழாயில் தேங்கி, தகடு துருப்பிடித்துவிடும்.

சோதிக்கும்போது ஹாரனுக்கு முன்னால் குனிந்து நிற்காதீர்கள். அமெரிக்காவின் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் தரும் கணக்கின்படி, ஒரு நாளில் 115 டெசிபலைக் காது தாங்கும் நேரம் அரை நிமிடம்கூட இல்லை. காதில் அடைப்பானை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, ஒருவரை ஹாரனை அழுத்தச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மல்டிமீட்டரின் முனைகள் ஹாரனில் இருக்கட்டும். பேட்டரியில் காட்டும் அளவுக்கும் அங்கே காட்டும் அளவுக்கும் அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால், பானட்டை மூடிவிடலாம்.